அக்கா குடித்த உப்புத் தண்ணீர்

பயப்படுவதற்கென்றே ஒருத்தனைப் பெற்றுப் போட்டார்கள் என்றால் அது லெவல்தான். ஐம்பத்தைந்து வயது, வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம், இடி மாதிரிக் குரல். உள்ளே இருப்பதென்னவோ சுண்டெலி நெஞ்சு. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற சலவை ஆலை ஒன்றில் பாய்லர் ஓட்டுகிறான். பாய்லர் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு லாரி நீளத்துக்கு இரும்பு அண்டா, அதற்குள் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே தீ. அந்தத் தண்ணீர் ஆவியாகிக் குழாய் வழியே போனால்தான் துவைக்கிற மெஷினும் இஸ்திரி போடுகிற மெஷினும் சூடாகும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கண்ணாடியைத்தான் அவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். "எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால்கூட ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "லெவல் இருக்கு" என்பான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை மேனேஜரே மறந்துவிட்டார்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. முன்பு வேலை பார்த்த ஆலையில் இவனுக்கு முந்தின ஷிப்டில் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், நிதானமானவர். ஒரு நாள் கண்ணாடிக் குழாயின் வாய் அழுக்கில் அடைத்துக்கொண்டது. கண்ணாடி நிறையக் காட்டியது. பாய்லர் உள்ளே வறண்டு போயிருந்தது. அவர் கண்ணாடியை நம்பினார். லெவல் தன் ஷிப்டுக்கு வந்து சேர்ந்தபோது பாய்லர் அறைக்குக் கூரை இல்லை, ஆளும் இல்லை. அவருடைய சாப்பாட்டுத் தூக்கு மட்டும் வெளிச்சுவர் ஆணியில் மூடி திறக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

"தண்ணி கூடிப்போனா சத்தம் போடும், அவ்வளவுதான். குறைஞ்சுபோச்சுன்னா ஆளை எடுத்துடும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வான். பாய்லரை விட்டு வீட்டுக்கு வந்தாலும் மனசு அந்தக் கண்ணாடி முன்னால்தான் நிற்கும்.

அவனுடைய அக்கா இதற்கு நேர் எதிர். அதே ஆலையில் இஸ்திரிப் பிரிவில் காலம் பூராவும் நின்றவள். முழங்கைக்குக் கீழே வரிசையாகச் சூட்டுத் தழும்பு. கேட்டால் வளையல் என்பாள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு தம்பியோடு வந்து இருந்துவிட்டாள். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேசிப் பழகிய ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒரு தடவை போனவன், உட்காரும் முன்பே அடுப்படிக்குள் நுழைந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். அந்தப் பெண் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. "விட்டது சனின்னு நினைச்சிருப்பா" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அக்காவுக்குத்தான் கால் வீங்கியது. முதலில் செருப்பு இறுக்கியது, அப்புறம் செருப்பே நுழையவில்லை. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் பட்ட குழி மாதிரி அப்படியே நின்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனான். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார். இதயம் களைத்துப்போய்விட்டது, பழைய வேகத்தில் ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார். நீரை வெளியேற்ற ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"தண்ணியும் அளவாத்தான் குடிக்கணும். காலையில ஒரு ஜாடில நிரப்பி வச்சுக்குங்க. டீ, சூப் எல்லாம் அந்தக் கணக்குல வரும். ஜாடி காலியாச்சுன்னா அவ்வளவுதான், அடுத்த நாள்தான்."

லெவலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியேயும் எடுப்பார்களாம், உள்ளேயும் விட மாட்டார்களாம்! எந்த ஊர் நியாயம் இது? வாய் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை. மாத்திரை வாங்கி வருகிறேன் என்று எழுந்து கீழே போனான். அவன் திரும்பி வருவதற்குள் டாக்டரம்மா அக்காவிடம் இன்னும் ஏதோ பேசி முடித்திருந்தார். என்னவென்று அவன் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

மாத்திரை போட்ட முதல் நாள் அவனுக்கு விடுமுறை. போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அக்கா எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். வந்து உட்கார்ந்தாள், மறுபடியும் போனாள். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மறுபடியும். கூடத்தில் உட்கார்ந்திருந்த லெவல் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தை எப்போது தெறிக்குமோ என்று எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தான். மனசுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய். ஒவ்வொரு சத்தத்துக்கும் அதில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது.

"எவ்வளவு போச்சுக்கா?"

"எதுடா?"

"அதான்... போனது."

"அக்காகிட்ட கேக்குற கேள்வியாடா இது, வெட்கங்கெட்டவனே? அளக்குறதுக்கு டம்ளரா எடுத்துட்டுப் போனேன்?"

"இல்ல, இவ்வளவு போனா உள்ள என்ன இருக்கும்?"

"கொழுப்பு இருக்கும். போய் வேலையப் பாரு."

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அக்கா பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்டினாள். ஊருக்கே நல்ல சேதி. நம்மாளுக்கு மட்டும் இல்லை. அவன் பார்த்தது வேறு. கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. பேசும்போது நாக்கு ஒட்டிக்கொண்டு டொக் டொக்கென்று சத்தம் வந்தது. மதியமே ஜாடி காலியாகிவிடும். அக்கா காலி ஜாடியை ஓரக்கண்ணால் பார்ப்பாள். வறண்டுகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஆணியில் தொங்குகிற தூக்கு வந்து நின்றது.

அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். பாய்லர் அறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், தலை சுற்றும். எலுமிச்சம்பழம் பிழிந்து தாராளமாக உப்புப் போட்டுக் கலக்கிக் குடிப்பார்கள். போன நீர் உப்போடு போனது, உப்போடுதான் திரும்ப வர வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அக்காவுக்கும் நீர் போகிறது. அதற்கு ஈடுகட்ட வேண்டாமா? டாக்டரம்மா கட்டுப்பாடு வைத்தது தண்ணீருக்குத்தானே? இது தண்ணீரா? இது மருந்து மாதிரி. பயந்தவனுக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

மறுநாள் காலையில் பெரிய டம்ளர் நிறையக் கலக்கிக்கொண்டு வந்து நீட்டினான்.

"என்னடா இது?"

"எலுமிச்சை. குடி."

அக்கா வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். முகம் சுளித்தாள். "கடல்ல மொண்டுட்டு வந்தியா?"

"குடிக்கா. நாங்க எல்லாரும் இதான் குடிக்கிறோம். ஒண்ணும் ஆகாது. குடி, நான் வேலைக்குக் கிளம்பணும்."

அக்கா டம்ளரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். லெவலுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரு டம்ளர், மதியம் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு டம்ளர், சாயங்காலம் வந்ததும் ஒரு டம்ளர் என்று வழக்கமாகிவிட்டது. அக்கா ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீக்கம் திரும்பி வந்தது. வந்தது மட்டுமா, முன்னைவிட மேலே ஏறியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அக்கா இரண்டு தலையணை வைத்தாள், பிறகு மூன்று. மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"நல்லா வடிஞ்சு வந்துச்சே. தண்ணி அளவாத்தானே குடிக்கிறீங்க?"

"ஜாடியத் தாண்டல டாக்டர்" என்றாள் அக்கா. பொய்யில்லை, உப்புத் தண்ணீர் ஜாடிக் கணக்கில் வரவில்லை. சொல்லிவிட்டுத் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா மாத்திரையை இரண்டாக்கினார். இரண்டு மாத்திரை என்றால் இரண்டு பங்கு போகுமே என்று லெவல் கணக்குப் போட்டான். டம்ளரில் விழுகிற உப்பைக் கூட்டினான்.

விபரீதம் ஒரு மத்தியான வேளையில் வந்தது. துணி அதிகமாக வந்திருந்த நாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடியாது. வர மாட்டேன் என்று சொல்ல பாய்லர் முன்னால் நின்றபடியே போன் பண்ணினான். அக்கா எடுத்தாள். பேச்சு வரவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"டேய்... வா..."

அதற்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. களகளவென்று, மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். எங்கே கேட்டோம் என்று நினைவுக்கு வருவதற்குள்ளேயே உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிட்டது. பாய்லரில் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து குழாய்க்குள் போய்விடும். ஆவி மட்டும் போக வேண்டிய குழாய், தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு இப்படித்தான் களகளக்கும்.

எரிகிற பாய்லரை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். தீயை அணைத்தான். பெரிய வால்வைத் திருகி மூடினான். கை வழுக்கியது. ஆலை பூராவும் மெஷின் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. "யோவ் லெவல், என்னய்யா ஆச்சு?" என்று மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடி வந்தார். அந்த நிலைமையிலும் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஓடினான். என்ன செய்வது, பழக்கம்.

அக்கா ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. உதட்டோரம் நுரை. காலையில் அவன் கொடுத்த டம்ளர் பக்கத்தில் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஏன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. ஆம்புலன்ஸில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்றே வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். அந்தக் கை ஐஸ் கட்டியாக இருந்தது.

அவசரப் பிரிவில் அக்காவை உட்கார்ந்த நிலையிலேயே வைத்து முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். நீர் பிரிய ஒரு குழாய் போட்டு, கட்டில் ஓரத்தில் பை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். டாக்டரம்மா வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு லெவலைத் தனியாக அழைத்தார்.

"நுரையீரல் பூரா தண்ணி. ரெண்டு மாத்திரை போட்டும் இப்படி ஆகியிருக்குன்னா, கிட்னி கைவிட்டுருச்சோன்னு சந்தேகமா இருக்கு. ரத்தம் டெஸ்ட்டுக்குப் போயிருக்கு. அப்படி இருந்தா கழுத்துல குழாய் போட்டு மெஷின் மூலமாத்தான் நீரை இழுக்கணும். அவங்க இதயம் இருக்குற நிலைமையில அதைத் தாங்குமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க. வேற மருந்து எதாவது சாப்பிட்டாங்களா?"

லெவலுக்கு டம்ளர் ஞாபகம் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? கொலைகாரன் என்பார்கள். சொல்லாவிட்டால் கழுத்தில் குழாய். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் தோள் மூச்சுக்கு மூச்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

"கிட்னி ஒண்ணும் பண்ணலைங்க டாக்டர்" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "நான்தான். உப்புத் தண்ணி குடுத்தேன். எலுமிச்சை போட்டு. தினமும் மூணு வேளை. உப்பு நிறையப் போட்டு. ரெண்டு மாத்திரை ஆனதும் இன்னும் ஜாஸ்தி போட்டேன்."

டாக்டரம்மா திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டான். அவர் திரும்பி நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி, நேரே நரம்பில் போடச் சொன்னார்.

"நல்லவேளை சொன்னீங்க. மாத்திரையோட வேலைய நீங்க அழிச்சுட்டு இருந்திருக்கீங்கன்னா, ஊசி கேக்கும். பையில நீர் இறங்குதான்னு பாப்போம். இறங்கலைன்னா மெஷின்தான்."

ஊசி போட்டார்கள். பை காலியாகத் தொங்கியது. லெவல் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் எந்தச் சத்தத்துக்கு நடுங்கினானோ, இப்போது அது வரவில்லையே என்று நடுங்கினான். போ, போ, இறங்கு என்று பையைப் பார்த்துக் கெஞ்சினான். டாக்டரம்மா அக்காவின் நாடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். ரத்தம் பரிசோதனைக்குப் போயிருந்தது. காத்திருப்பதைத் தவிர அவருக்கும் வேறு வேலை இல்லை.

"எதுக்குக் குடுத்தீங்க? உப்பு கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியாதுங்க. போறதைப் பாத்தேன், பயந்துட்டேன். உள்ள இருக்குறதெல்லாம் போயிடும்னு நினைச்சேன். உதடெல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சு."

"உதடு காயும். தாகம் எடுக்கும். இந்த வியாதில அது அப்படித்தான். உள்ள தண்ணி தளும்பிக்கிட்டு இருக்கும், ஆனா உடம்பு தண்ணி பத்தலை பத்தலைன்னு பொய் சொல்லும். அதை நம்பக் கூடாது."

லெவல் நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடி அடைத்துக்கொண்டு பொய் காட்டியிருக்கிறது, அவன் அதை நம்பியிருக்கிறான். செத்துப்போன அந்த மனிதர் நிறைந்த கண்ணாடியை நம்பினார். இவன் காலிக் கண்ணாடியை நம்பினான்.

"கிட்னி என்ன பண்ணும் தெரியுமா?" டாக்டரம்மா தொடர்ந்தார். "ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு பெரிய டிரம் நிறைய நீரை ரத்தத்துல இருந்து வடிகட்டி எடுக்கும். அதெல்லாம் வெளிய போனா மனுஷன் அன்னைக்கே காலி. அதனால நீளமா ஒரு குழாய் வழியா அனுப்பி, போற வழியிலேயே கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப ரத்தத்துக்கே எடுத்துக்கும். கடைசியில மிஞ்சுற கொஞ்சம்தான் வெளிய போறது."

"ரிட்டர்ன் லைன்" என்றான் லெவல், தன்னை அறியாமல். மெஷினுக்குப் போன ஆவி வேலை முடிந்து குளிர்ந்து தண்ணீராகி மறுபடி பாய்லர் தொட்டிக்கே வந்து சேருகிற குழாய் அது. "போன தண்ணிய நாங்களும் வீணாக்க மாட்டோம். திரும்பத் தொட்டிக்கே கொண்டு வந்துடுவோம்."

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். அப்படித் திரும்பி வர்றப்ப உப்புதான் முதல்ல உள்ள போகும். தண்ணி உப்பு பின்னாடியே போகும், தனியாப் போகாது. இந்த மருந்து உப்பு உள்ள நுழையுற வாசல்ல போய் உக்காந்துக்கும். உப்பு நுழைய முடியாது. தண்ணியும் அதோடயே வெளிய நின்னுடும். ரெண்டும் சேர்ந்து சிறுநீரா வந்துடும்."

"ரிட்டர்னை அடைக்கிறீங்க!" அவனுக்குப் பழைய பயம் குபீரென்று வந்தது. "அப்ப தொட்டி இறங்கிடுமேங்க!"

"இறங்கணும்னுதானே குடுக்குறோம்? உங்க அக்காவுக்குத் தொட்டி வழியுது. முழுசா அடைக்கலை, கொஞ்சம்தான். மருந்து வேகம் விட்டதும் வாசல் திறந்துடும். திறந்த உடனே கிட்னி, விட்டதைப் பிடிக்கிற மாதிரி, கண்ணுல படுற உப்பையெல்லாம் வாரிக்கும். அந்த நேரம் பாத்து நீங்க டம்ளரோட வந்து நின்னிருக்கீங்க."

மூன்று வேளை. தன் கையாலேயே. தண்ணி கூடினால் சத்தம்தான் போடும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்! அந்தச் சத்தம் இதோ அக்காவின் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. நெற்றியைக் கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டான். வலிக்கவில்லை, அது போதவில்லை.

அப்போதுதான் பையின் குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. சொட்டுச் சொட்டாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியாக இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "கேக்குது" என்றார். அவ்வளவு பெரிய ஆள், அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில், மூத்திரப் பையைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். நர்ஸ், "ஐயா, குழாயை இழுத்துடாதீங்க" என்று அதட்டி நகர்த்தினாள்.

சாயங்காலம் அக்காவை வார்டுக்கு மாற்றினார்கள். ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, கைவிடவில்லை. நெஞ்சில் களகளப்பு குறைந்திருந்தது. பை இரண்டு தடவை நிரம்பிக் காலி செய்தாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில், கூட இருக்கிறவர்களுக்கென்று யாரோ தண்ணீர் ஜாடி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா கண் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். மாஸ்க்கை ஓரமாக நகர்த்தினாள்.

"தண்ணி."

"இல்லக்கா. கூடாது."

"ஒரு வாய்டா."

"கூடாதுக்கா." நர்ஸ் கொடுத்திருந்த ஈரப் பஞ்சை உதட்டில் ஒற்றினான். அக்கா அதைக் குழந்தை மாதிரி உறிஞ்சினாள்.

"மாஸ்க்கைப் போடுக்கா. பேசாத."

"பேசுறேன். விடு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டியாமே. நர்ஸ் சொன்னா."

"என்னை மன்னிச்சுடுக்கா. எனக்குத் தெரியாதுக்கா. உப்பு கூடாதுன்னு யாரும் எனக்குச் சொல்லலை."

"எனக்குச் சொன்னாங்க."

லெவலுக்கு விளங்கவில்லை.

"முதல் நாளே சொன்னாங்கடா. நீ மாத்திரை வாங்கக் கீழ போயிருந்தே. உப்பைத் தொடவே கூடாது, விஷம்னு நினைச்சுக்கங்கன்னு சொன்னாங்க."

"தெரியுமா? தெரிஞ்சா குடிச்சே?" எழுந்தே நின்றுவிட்டான். "பைத்தியமாக்கா உனக்கு? ஏன்க்கா குடிச்சே? தாகமா?"

"தாகமும்தான்." அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "ஆனா அதுக்கில்ல. நீ டம்ளரைத் தூக்கிட்டு வந்து நிப்பே பாரு, பேயறைஞ்ச மாதிரி. கை நடுங்கும். நான் ஒரு மடக்கு குடிச்சா மூஞ்சில கொஞ்சம் ரத்தம் வரும். முழுசாக் குடிச்சுட்டேன்னா நிம்மதியா வேலைக்குக் கிளம்பிடுவே. உன் நாலு வயசுல இருந்து இந்தப் பயத்தைப் பாத்துட்டு இருக்கேன், என்னால தாங்க முடியறதில்லடா. ஒரு டம்ளர்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு குடிச்சேன்."

"என்னைச் சமாதானம் பண்ணவா குடிச்சே?"

"வேற எப்படிடா உன்னைச் சமாதானம் பண்றது?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அழுகை விரல் இடுக்கில் வந்தது. அக்கா அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். இழுப்பில் வலு இல்லை.

"இங்க பாரு. அழுது காட்டாத. நீ இப்படி நின்னா, யார் என்ன குடுத்தாலும் நான் குடிச்சுடுவேன். உன்னையும் தெரியும் எனக்கு, என்னையும் தெரியும். வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். அதனால இனிமே பயப்படாம இரு. முடியலைன்னா பயப்படாத மாதிரியாவது இரு."

அதற்குள் மூச்சு இரைத்தது. அவனே மாஸ்க்கை எடுத்து மறுபடி மாட்டிவிட்டான். அக்காவின் கண் ஜாடிக்குப் போனது, அவனிடம் வந்தது, மறுபடி ஜாடிக்குப் போனது. நாக்கு மாஸ்க்குக்குள்ளேயே உதட்டைத் துழாவியது. கொடு, வறண்டுகொண்டிருக்கிறாள், கொடு என்று உடம்பில் இருக்கிற ஒவ்வொரு எலும்பும் அவனிடம் கத்தியது. லெவல் ஜாடியைத் தூக்கினான். வார்டின் மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போய் அவ்வளவு தண்ணீரையும் கவிழ்த்தான். கவிழ்த்த வேகத்தில் பாதி அவன் சட்டையிலேயே கொட்டியது.

பேசினுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் தெரிந்த மூஞ்சியைப் பார்த்து அவனுக்கே பயமாக இருந்தது. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். புருவத்தை இறக்கினான். பல்லைக் கடித்துத் தாடையை இறுக்கிப் பார்த்தான், சரியாக வரவில்லை, தளர்த்தினான். உதட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மாஸ்க்குக்குள் ஏதோ சிரிப்பு மாதிரி ஆவி படிந்தது.

"நடிக்கவே வரலடா உனக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

அவள் தூங்கிப்போகும் வரை அவன் முகத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டிருந்தான்.